புள்ளிப் பட்டியலின் உச்சியில் யார்?

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இலங்கை நேரம் பிற்பகல் 3.30க்குக் கட்டாரின் லுசைல் அரங்கில் ஆர்ஜென்டீனாவும் சவூதி அரேபியாவும் களமிறங்கின. ஆர்ஜென்டீனா அதற்கு முந்தைய 36 சர்வதேச ஆட்டங்களில் தோற்றதே இல்லை. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி தண்ட உதையை கோலாக்கினார். இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆவதற்குள் சவூதி இரண்டு கோல்களைப் போட்டுவிட்டது. 2–1. அன்றைக்கு உலகெங்கும் நண்பர் குழுக்களில் ஒரே கேள்விதான்: "சவூதி வெல்லுமெண்டு எழுதினவன் ஆரும் இருக்கிறானோ?"

உலகக் கிண்ணக் காலத்தில் நண்பர்கள் கூடி நடத்தும் கணிப்புப் போட்டி, நிகழ்தகவுக் கணிதத்தைப் படிக்க மிகவும் மலிவான ஆய்வுகூடம். அதை ஒரு கற்பனைக் குழுவோடு நடத்திப் பார்ப்போம். இடம், வவுனியா நகரிலிருந்து மன்னார்ப் பக்கமாகப் போகையில் வரும் நெளுக்குளம். பத்துப் பேர். ஒருவர் வாகனம் திருத்துபவர். ஒருவர் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர். சிலர் கிரிக்கெட் ரசிகர்கள், நாலு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் உதைபந்தாட்டத்துக்குக் கட்சி மாறுபவர்கள். பத்தாமவர் மன்னாரில் கழகத்துக்கு ஆடி, கலியாணம் முடித்து இங்கே வந்து குடியேறியவர். எல்லோருக்கும் அவர் 'மன்னார் அண்ணை'. விளையாட்டை நிசமாகவே அறிந்தவர் அவர் ஒருவர்தான். கடைசி மூன்று இடத்தில் வருபவர்கள் மற்ற ஏழு பேருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் கேள்வி ஒன்றுதான். பட்டியலின் உச்சியில் மன்னார் அண்ணை வருவாரா?

கோல்கள் விழும் விதம்

முதலில் எதைக் கணிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 2018 ரஷ்ய உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 169 கோல்கள். 2022 கட்டாரில் 64 ஆட்டங்களில் 172. இரண்டையும் கூட்டினால் 128 ஆட்டங்களில் 341 கோல்கள், ஆட்டத்துக்குச் சராசரி 2.66. கூடைப்பந்தில் ஓர் அணி சாதாரணமாக எண்பது, நூறு புள்ளி எடுக்கும். அங்கே ஒன்றிரண்டு அதிர்ஷ்டப் புள்ளிகள் மற்ற எண்பதுக்குள் கரைந்துவிடும். உதைபந்தாட்டத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முழு ஆட்டத்தையும் மாற்றிவிடும். திறமை குறைந்த அணி வெல்வதற்கு இத்தனை இடம் கொடுக்கும் பெரிய விளையாட்டுகள் அதிகமில்லை.

இப்படி அரிதாகவும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமலும் நிகழும் சம்பவங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி புவாசோன் 1837இல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. அதன் பலத்தை உலகுக்குக் காட்டியவர் லடிஸ்லாஸ் போர்ட்கீவிச். பிரஷ்யக் குதிரைப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அவர் 1898இல் எடுத்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். அவற்றில் மொத்தம் 122 மரணங்கள். மரணமே நிகழாத பதிவுகள் 109. புவாசோன் கணக்கு சொன்ன எண் 108.7. யாருக்கு எப்போது உதை விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் உதைகள் எப்படிப் பரம்பியிருக்கும் என்பதை ஒரு சமன்பாடு சொல்லிவிட்டது.

குதிரையின் உதையிலிருந்து வீரரின் உதைக்கு வருவோம். சராசரி 2.66 கோல் என்றால் ஒரு நிமிடத்தில் கோல் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 3 வீதம், விழாமலிருக்கும் வாய்ப்பு 97 வீதம். தொண்ணூறு நிமிடமும் விழாமலிருக்க அந்த 97 வீதத்தைத் தொண்ணூறு தடவை பெருக்க வேண்டும். நிமிடத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டு போனால் விடை 7 வீதத்தில் வந்து நிற்கும். அதாவது 128 ஆட்டங்களில் ஏறத்தாழ 9 ஆட்டங்கள் 0–0 என முடிய வேண்டும்.

நடந்தது என்ன? 2018இல் டென்மார்க்–பிரான்ஸ் ஆட்டம் ஒன்று மட்டுமே கோலில்லாமல் முடிந்தது. 2022இல் ஏழு. தனித்தனியாகப் பார்த்தால், முதலாவது தாக்குதல் ஆட்டத்தின் பொற்காலம் என்றும் இரண்டாவது தற்காப்பின் யுகம் என்றும் கட்டுரை எழுதலாம். கூட்டிப் பாருங்கள்: எட்டு. கணக்கு சொன்னது ஒன்பது. அந்த ஒன்றும் ஏழும் பெரும்பாலும் தற்செயலின் ஏற்ற இறக்கம்தான்.

1–1 எழுதலாமா?

வலிமையான அணி ஒன்று, சுமாரான அணி ஒன்று. முதலாவது சராசரியாக 1.6 கோலும் மற்றது 1 கோலும் போடும் என்று வைப்போம். இரண்டுக்கும் தனித்தனியே புவாசோன் பரம்பலைப் போட்டுப் பெருக்கினால் ஒவ்வொரு முடிவுக்குமான நிகழ்தகவு கிடைக்கும். வலிய அணி வெல்ல 51 வீதம், சமநிலை 25, மற்றது வெல்ல 24.

இனித்தான் வேடிக்கை. ஒவ்வொரு கோல் கணக்கையும் தனித்தனியே பார்த்தால் 1–0 வர 12 வீதம், 1–1 வரவும் அதே 12 வீதம். வேறெந்தக் கோல் கணக்கும் இவ்வளவு வராது. எங்கள் குழுவில் அதிகம் பேர் எழுதுகிற 2–1க்கு 9.5 வீதம்தான். உற்சாகத்தில் எழுதும் 3–1க்கு ஐந்து. வலிய அணி வெல்லும் வாய்ப்பு 51 வீதம் என்றாலும் அது 1–0, 2–0, 2–1, 3–0 என்று பல கோல் கணக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. சமநிலையோ பெரும்பாலும் 0–0, 1–1 என்ற இரண்டு கட்டங்களுக்குள் திரண்டு நிற்கிறது.

ஆகவே என்ன எழுதுவது என்பதை அணிகளின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, புள்ளி விதியும் சேர்ந்து தீர்மானிக்கிறது. கோல் கணக்குச் சரியாக வந்தால் மட்டுமே புள்ளி என்றால் 1–0 எழுதுவதும் 1–1 எழுதுவதும் ஒன்றுதான். சரியான கோல் கணக்குக்கு 3, வெற்றி தோல்வி மட்டும் சரியென்றால் 1 என்ற வழக்கமான விதியில், 1–0 எழுதியவருக்குச் சராசரியாக 0.75 புள்ளி கிடைக்கும். 1–1 எழுதியவருக்கு 0.49. ஆட்டமும் அதே, அறிவும் அதே. விதி மாறினால் புத்திசாலித்தனமான விடையும் மாறிவிடுகிறது.

இந்த எளிய கணக்கில் ஒரு குறை உண்டு. ஓர் அணியின் கோல் மற்ற அணியின் ஆட்டத்தை மாற்றும். இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டிக்சனும் ஸ்டுவர்ட் கோல்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 0–0, 1–0, 0–1, 1–1 என்ற குறைந்த கோல் முடிவுகளுக்கு மட்டும் ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். பிறகு வந்த கணிப்பு முறைகள் பலவற்றுக்கு அதுவே அத்திவாரம்.

ஊர்ச் சுற்றுப்போட்டிக்கும் இதே கணக்கைப் பயன்படுத்தலாம். ஒரு கழகம் மூன்று ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டுவிட்டது, ஆகவே அதன் பலம் மூன்று கோல் என்று நம்பினால் கொத்துரொட்டிக்குக் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான். மூன்று ஆட்டம் மிகக் குறைந்த சாட்சி. அதோடு, ஓர் அணிக்குச் சராசரி 1.3 கோல் என்ற கணக்கில் மூன்று கற்பனை ஆட்டங்களைச் சேருங்கள். ஆறு ஆட்டத்தில் 12.9 கோல், ஆட்டத்துக்கு 2.15. புள்ளிவிவரவியலாளர்கள் இதைச் சுருக்கம் என்பார்கள். குறைந்த தரவை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குத் தாவாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை.

மன்னார் அண்ணையின் வாய்ப்பு

இப்போது அண்ணையிடம் வருவோம். வெற்றி, தோல்வி, சமநிலை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும், சரியென்றால் ஒரு புள்ளி. மற்ற ஒன்பது பேரும் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள், அண்ணை நூற்றுக்கு 55. ஒவ்வொருவரும் மற்றவரைப் பாராமல் கணிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த விளையாட்டில் ஐந்து வீத முன்னிலை சிறிய விடயமல்ல.

64 ஆட்டத்தில் அண்ணைக்குச் சராசரியாக 35 புள்ளி வரும், மற்றவர்களுக்கு 32. மூன்று புள்ளி முன்னிலை. ஆனால் 64 ஆட்டங்களில் ஒருவருடைய புள்ளி தற்செயலாகவே மேலும் கீழும் நான்கு புள்ளி ஆடும். அதுதான் அதன் நியம விலகல். அண்ணை மோதுவது ஒருவரோடு அல்ல, ஒன்பது பேரோடு. அந்த ஒன்பது பேரில் அந்தத் தடவை அதிர்ஷ்டம் அடித்தவர் சராசரியாக 38 புள்ளி எடுப்பார். யார் அந்த ஒருவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒருவர் இருப்பார்.

முடிவு: அண்ணை முதலிடம் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. மற்றவர்களைப் போலவே பாதிக்குப் பாதி சொல்பவராக இருந்திருந்தால் பத்தில் ஒன்று. அறிவு அவருடைய வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியிருக்கிறது. இருந்தும் நான்கு உலகக் கிண்ணங்களில் மூன்றில் வேறொருவர்தான் தலைநிமிர்ந்து நடப்பார். பன்னிரண்டு ஆண்டுகள்!

இதை மாற்ற ஒரே வழி ஆட்டங்களைக் கூட்டுவது. 2026 உலகக் கிண்ணம் 48 அணிகளோடு 104 ஆட்டங்களாக விரிந்தது. அதில் அதே அண்ணையின் வாய்ப்பு மூன்றில் ஒன்றை எட்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். அங்கே மூன்றில் இரண்டு. அறிவின் முன்னிலை ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நேராக வளர்கிறது, தற்செயலின் ஆட்டமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேராக மட்டுமே வளர்கிறது. அதனால்தான் நீண்ட காலத்தில் அறிவு முந்துகிறது.

குறுகிய காலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணமே சாட்சி. ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் நீர்க்காட்சிசாலையிலிருந்த பவுல் என்ற ஒக்டோபஸ், ஜேர்மனியின் ஏழு ஆட்டங்களையும் இறுதிப் போட்டியையும் சேர்த்து எட்டுக்கு எட்டு சரியாகச் 'சொன்னது'. நாணயம் சுண்டி எட்டுத் தடவையும் சரியாக வர 256இல் ஒரு வாய்ப்பு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கிளி சோதிடம் பார்க்கும் மணி என்ற கிளி, காலிறுதிகள் நான்கையும் ஸ்பெயின்–ஜேர்மனி அரையிறுதியையும் சரியாக எடுத்துக் கொடுத்துப் புகழ்பெற்றது. இறுதிப் போட்டியில் அது நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது. கிண்ணம் ஸ்பெயினுக்குப் போனது. நூற்றுக்கணக்கான பிராணிகள் கணித்தால் ஒன்றிரண்டு எட்டுக்கு எட்டு வாங்குவது இயல்பு. தோற்ற பிராணிகளுக்குச் செய்தியாளர் சந்திப்பு கிடையாது. குழுவில் முதலிடம் வந்தவரின் விளக்கங்களைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதினோராவது ஆள்

குழுவில் கண்ணுக்குத் தெரியாத ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறேன். அவர் பெயர் சராசரி. அதற்கு முன், விடையைச் சொல்லும் முறையை மாற்ற வேண்டும். "ஆர்ஜென்டீனா வெல்லும்" என்று சொல்வதை விட்டு, "வெல்ல 80 வீதம்" என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேரின் எண்களையும் கூட்டிப் பத்தால் பிரித்தால் வருவது சராசரியாரின் கணிப்பு.

1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் அதன் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்து 1907இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தேறிய சீட்டுகள் 787. வரிசையில் நடுவில் நின்ற ஊகம் 1207 இறாத்தல். உண்மை எடை 1198. பிழை ஒரு வீதத்துக்கும் குறைவு.

கணிப்புப் போட்டியில் இது ஒரு தேற்றமாகவே நிற்கிறது. பிழையை வர்க்கப்படுத்தி அளந்தால், சராசரியின் பிழை குழுவினரின் பிழைகளுடைய சராசரியை ஒருபோதும் தாண்டாது. ஒருவர் 80 வீதம் என்கிறார், மற்றவர் 40 வீதம். அணி வென்றது. முதலாமவரின் பிழை 0.2இன் வர்க்கம், அதாவது 0.04. மற்றவரது 0.36. இரண்டின் சராசரி 0.20. சராசரியார் சொன்ன 60 வீதத்தின் பிழையோ 0.16 மட்டுமே. அணி தோற்றிருந்தாலும் 0.40க்கு எதிராக 0.36. எப்படி விழுந்தாலும் அவருக்கு நட்டமில்லை.

ஆனால் சராசரியார் சாதாரண உறுப்பினரை எவ்வளவு தூரம் முந்துவார் என்பது கருத்துகள் வேறுபடுவதைப் பொறுத்தது. சூரிச்சில் நடந்து 2011இல் வெளியான பரிசோதனை ஒன்று, மற்றவர்களின் விடைகளைப் பார்க்கவிட்டால் எல்லோரும் ஒரே இடத்துக்கு நெருங்கி வருகிறார்கள், ஆனால் உண்மையை நெருங்குவதில்லை என்று காட்டியது. ஆகவே கணிப்பை வட்ஸ்அப் குழுவில் பகிரங்கமாகப் போடக்கூடாது. மன்னார் அண்ணை முதலில் போட்டால் மற்ற ஒன்பது பேரும் அவரைப் பார்த்து எழுதுவார்கள். பத்து மூளைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். போட்டியில் சேராத ஒருவருக்குத் தனியாக அனுப்பி, ஆட்டம் தொடங்கிய பிறகு திறக்க வேண்டும்.

நேர்மைக்குப் புள்ளி

எண்ணாகச் சொல்லச் சொன்னால் ஆட்கள் உண்மையைச் சொல்வார்களா? அதுவும் விதியில்தான் இருக்கிறது. வெற்றி வாய்ப்பு 60 வீதம் என்று உங்கள் மனம் சொல்கிறது. சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசமே தண்டனை என்று விதி வைத்தால், 60 என்று சொல்பவருக்குச் சராசரித் தண்டனை 0.48. பொய்யாக 100 என்று அடித்துச் சொல்பவருக்கு 0.40. விதியே வாய்வீச்சை வளர்க்கிறது. அந்த வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள்: 60 சொன்னால் 0.24, 100 சொன்னால் 0.40, பயந்து 50 சொன்னால் 0.25. மனதில் உள்ளதை உள்ளபடி சொல்வதே மிகக் குறைந்த தண்டனை. அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950இல், மழை அறிவிப்புகளை மதிப்பிட இந்த அளவையை முன்வைத்தார்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பரிசு முதலாமவருக்கு மட்டும் என்றால் நேர்மை மீண்டும் ஆட்டம் காணும். பின்தங்கியவர் துணிந்து விபரீதமான கணிப்புகளைச் செய்யத் தொடங்குவார், அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. சம்பியனைக் கணிப்பதிலும் இதே கதைதான். முன்னணி அணிக்கு 20 வீத வாய்ப்பு, ஆனால் குழுவில் ஆறு பேர் அதையே எழுதியிருக்கிறார்கள். வென்றாலும் பரிசு ஆறாகப் பிரியும், உங்கள் பங்கு மூன்று வீதத்துக்குச் சற்றே மேல். யாரும் எழுதாத, 5 வீத வாய்ப்புள்ள அணியை எழுதினால் அந்த ஐந்தும் உங்களுக்கே. பட்டியலின் உச்சிக்கு வரும் குறுக்குவழி உதைபந்தாட்டத்தை அறிவதல்ல, நண்பர்களை அறிவது. எங்கள் குழு கடைசி மூவரைத் தண்டிப்பது இந்த வகையில் புத்திசாலித்தனம். நடுவில் இருப்பவர்களுக்குச் சூதாடும் தேவை குறைகிறது.

எதைக் கணிக்கிறோம் என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். 2022 டிசம்பர் 18 இறுதிப் போட்டி 90 நிமிடத்தில் 2–2, மேலதிக நேரத்தில் 3–3, தண்ட உதைகளில் ஆர்ஜென்டீனாவுக்கு 4–2. ஒரே ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள். விதி எழுதாத குழுவில் மூன்று பேரும் தாங்களே சரி என்பார்கள். 1962–63 பிரித்தானியக் குளிர்காலத்தில் சிக்கல் இன்னும் வேடிக்கையானது. ஆடுகளங்கள் உறைந்து ஆட்டங்கள் வாரக்கணக்கில் தடைப்பட்டன. கோடிக்கணக்கான பணம் புரண்ட கணிப்புச் சீட்டு நிறுவனங்கள் 1963 ஜனவரியில், முன்னாள் வீரர்கள் அடங்கிய ஒரு குழுவைக் கூட்டின. நடக்காத ஆட்டங்களுக்கு அவர்கள் முடிவு சொன்னார்கள். கணிப்பைத் திருத்தியதும் இன்னொரு கணிப்புத்தான்.

அறிவு வெல்லட்டும்

பட்டியலில் முதலிடம் வருவாரா என்ற கேள்விக்கு விடை: நான்கில் ஒரு தடவை. அப்படியானால் அண்ணைக்கு நிசமாகவே விளையாட்டுத் தெரியும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இடத்தைப் பார்க்காமல் அவருடைய எண்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் 70 வீதம் என்று சொன்ன ஆட்டங்களையெல்லாம் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவற்றில் பத்துக்கு ஏழு வாக்கில் நடந்திருந்தால் அவர் தன் அறிவின் எல்லையை அறிந்தவர். பத்துக்கு ஐந்துதான் என்றால் மிகை நம்பிக்கை. ஒன்பது என்றால் தெரிந்ததைச் சொல்லப் பயப்படுகிறார்.

சவூதி வென்ற அன்று தவறு செய்தவர்கள் "ஆர்ஜென்டீனா வெல்லும்" என்றவர்கள் அல்ல. ஃபிபா 2018 முதல் பயன்படுத்தும், ஆர்பாத் எலோவின் முறையைத் தழுவிய தரப்படுத்தலில், இரண்டு அணிகளுக்கும் இடையே 300 புள்ளிக்கு மேல் இடைவெளி. அந்தச் சமன்பாடு ஆர்ஜென்டீனாவுக்குக் கொடுத்தது நான்கில் மூன்று பங்குக்கு மேல். மீதிப் பங்கு வெறும் அலங்காரமல்ல. "80 வீதம்" என்றவரின் பிழை 0.64. "100 வீதம், சவூதியாவது வெல்லுறதாவது" என்றவரின் பிழை முழுதாக ஒன்று. நான்கு வாரத்துக்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கியதும் அதே ஆர்ஜென்டீனாதான். ஒரு தோல்வியைப் பார்த்து எண்ணை அடியோடு மாற்றியவர்கள் இரண்டாம் தடவையும் இழந்தார்கள்.

இந்தக் கொப்பி உதைபந்தாட்டத்தோடு முடிவதில்லை. காலபோகத்துக்கு மழை எப்போது வரும், அறுவடைக்கு நெல் என்ன விலை போகும் என்று வன்னியில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான கணிப்புகள் வாயால் செய்யப்படுகின்றன. பொய்த்த கணிப்புகளை மறந்துவிட்டுப் பலித்தவற்றை மட்டும் சொல்லித் திரிவது எவருக்கும் இலகு. எண்ணாகச் சொல்லி, திகதியோடு எழுதி, பிறகு எண்ணிப் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. 104 ஆட்டங்களுக்கு அப்படி ஒரு கொப்பி வைத்திருந்தவர், அடுத்த போகத்துக்கும் ஒன்று வைத்திருப்பார்.